ஒரு ட்ரைகூட இல்லாமல் உலகக் கோப்பை

2023 அக்டோபர் 27, வெள்ளிக்கிழமை இரவு. சேப்பாக்கத்தில் பாகிஸ்தானின் 270 ரன்னைத் துரத்திய தென்னாப்பிரிக்கா ஒன்பது விக்கெட்டைப் பறிகொடுத்துத் தத்தளித்து, கேசவ் மகராஜ் அடித்த பவுண்டரியில் ஒரே ஒரு விக்கெட் மிச்சம் வைத்துக் கரையேறியது. மறுநாள் தரம்சாலாவில் ஆஸ்திரேலியாவின் 388 ரன்னை விரட்டிய நியூசிலாந்து ஐந்தே ரன்னில் தோற்றது. அதே சனிக்கிழமை நள்ளிரவு தாண்டி, நம் நேரம் பன்னிரண்டரைக்கு, பாரிஸின் ஸ்தாத் து பிரான்ஸ் மைதானத்தில் இந்த இரண்டு நாடுகளும் இன்னோர் உலகக் கோப்பைக்காக நேருக்கு நேர் நின்றன. ஆண்கள் ரக்பி உலகக் கோப்பை இறுதிப் போட்டி. அதுவரை இரண்டு அணிகளும் தலா மூன்று முறை கோப்பை வென்றவை. நான்காவதை எடுப்பவர் வரலாற்றில் முதல்வர்.

தென்னாப்பிரிக்கா 12, நியூசிலாந்து 11. இங்கேயும் ஒரே புள்ளி.

கிரிக்கெட் உலகக் கோப்பை நம் ஊரிலேயே நடந்துகொண்டிருந்ததால் இந்த ஆட்டம் இங்கே பத்திரிகைகளின் கடைசிப் பக்கத்தில் நான்கு வரியாகப் போய்விட்டது. அந்த நான்கு வரியில் அடங்குகிற ஆட்டம் அல்ல அது. தென்னாப்பிரிக்க அணி, ஸ்ப்ரிங்பாக்ஸ் என்று உலகம் அழைக்கும் அணி, அன்றிரவு எப்படி ஆடியது என்ற கேள்விக்கு இரண்டு நேர்மையான பதில்கள் இருக்கின்றன. தடுப்பாட்டத்தில் இதைவிட உயர்ந்த ஆட்டத்தை ஓர் இறுதிப் போட்டியில் பார்ப்பது அரிது. தாக்குதலில், ஓர் உலக சாம்பியன் இவ்வளவு வறட்சியாக ஆடியதைப் பார்ப்பதும் அரிது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் மதிப்பீடு.

ரக்பியில் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்தால் அது ட்ரை, ஐந்து புள்ளி. அதைத் தொடர்ந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் கன்வர்ஷன், இன்னும் இரண்டு. எதிரணியின் விதிமீறலுக்குக் கிடைக்கும் பெனால்டியைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று. பதினைந்து பேர், எண்பது நிமிடம். தென்னாப்பிரிக்காவின் பன்னிரண்டு புள்ளிகளும் ஒரே காலிலிருந்து வந்தவை. ஹண்ட்ரே பொல்லார்ட் உதைத்த நான்கு பெனால்டிகள். ட்ரை ஒன்றுகூட இல்லை. அந்த நான்கும் முதல் முப்பத்து நான்கு நிமிடத்துக்குள் வந்துவிட்டன. பிறகு மீதமிருந்த நாற்பத்தாறு நிமிடத்தில் தென்னாப்பிரிக்காவின் கணக்கில் ஒரு புள்ளிகூடச் சேரவில்லை.

பொல்லார்டுக்காகக் கொடுத்த விலை

பொல்லார்ட் இந்தத் தொடருக்காக முதலில் தேர்வான வீரரே இல்லை. கெண்டைக்கால் காயத்தால் அவரை விட்டுவிட்டுத்தான் அணி பிரான்ஸுக்கு வந்தது. ஆட்டத்தை வழிநடத்தும் அவருடைய ஃப்ளை-ஹாஃப் இடத்தில் ஆடிய மானி லிபோக் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எதிரணியை ஏமாற்றுவதில் கெட்டிக்காரர். நின்ற இடத்திலிருந்து கம்பத்துக்கு உதைப்பதில் அந்த நம்பிக்கை இல்லை. லீக் சுற்றில் அயர்லாந்திடம் 13-8 எனத் தோற்ற ஆட்டத்தில் லிபோக்கும் ஃபாஃப் டி க்ளர்க்கும் தவறவிட்ட உதைகள்தான் வித்தியாசம்.

அந்தத் தோல்விக்கு முன்பே பயிற்சியின்போது மால்கம் மார்க்ஸின் முழங்கால் போனது. மார்க்ஸ் ஹூக்கர். இரு அணியிலும் எட்டெட்டுப் பேர் தோள்கோத்து முட்டித் தள்ளும் ஸ்க்ரம்மின் முன்வரிசையில் நடுவே நின்று, பந்து பக்கக்கோட்டைத் தாண்டியபின் ஆட்டத்தை மீண்டும் தொடங்கும் லைன்-அவுட்டில் பந்தை உள்ளே எறிபவர். அவ்வளவு தனித் தேர்ச்சி வேண்டிய இடம் அது. வழக்கப்படி ஒரு ஹூக்கர் போனால் இன்னொரு ஹூக்கரை அழைப்பார்கள். தலைமைப் பயிற்சியாளர் ஜாக் நீனாபரும் ரக்பி இயக்குநர் ராஸி எராஸ்மஸும் பொல்லார்டை அழைத்தார்கள். அதனால் அணியில் முழுமையான ஹூக்கர் என்று மிஞ்சியவர் போங்கி எம்போனாம்பி ஒருவர்தான். அவருக்குப் பின்னால் டியான் ஃபூரி. ஒரு காலத்தில் ஹூக்கராக ஆடி, பிறகு ஸ்க்ரம்மின் ஓரத்தில் நிற்கும் ஃபிளாங்கராக மாறியவர். 35 வயதில் தேசிய அணிக்கு அறிமுகமாகி, அப்போது 37-ஐத் தொட்டிருந்தவர்.

இறுதிப் போட்டி தொடங்கி மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு ரக்கில், அதாவது தரையில் கிடக்கும் பந்துக்காக இரு பக்கமும் மோதும் குவியலில், நியூசிலாந்தின் ஷானன் ஃப்ரிசெல் எம்போனாம்பியின் காலின்மேல் விழுந்தார். ஃப்ரிசெலுக்கு மஞ்சள் அட்டை, பத்து நிமிடம் வெளியே. எம்போனாம்பிக்கு முழங்கால் காயம். திரும்ப வரவே இல்லை. மிச்சமிருந்த ஆட்டம் முழுவதும் லைன்-அவுட் பந்தை எறியும் பொறுப்பு ஃபூரியின் தலையில் விழுந்தது. அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் அந்த இடத்துக்கு வர இன்னோர் ஆள் இல்லை.

இதன் விளைவு உடனே தெரிந்தது. தென்னாப்பிரிக்காவின் தாக்குதல் எப்போதும் லைன்-அவுட்டிலிருந்துதான் புறப்படும். எபென் எட்ஸபெத்தும் ஃபிராங்கோ மோஸ்டெர்ட்டும் உயரத்தில் எழும்பிப் பந்தைப் பிடிக்க, எட்டுப் பேரும் திரண்டு மால் அமைத்து எதிரணியைத் தள்ளிக்கொண்டு போவார்கள். அன்றிரவு அந்த இயந்திரம் ஓடவில்லை. ஃபூரி எறிந்த பந்துகள் சில எதிரணிக்கே போயின, சில தப்பிச் சிதறின. ட்ரை வராததற்கு முதல் காரணம் இங்கே இருக்கிறது. ஃபூரியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 37 வயதில், உலகக் கோப்பை இறுதிப் போட்டியில், தன்னுடைய முதன்மை இடமல்லாத ஓர் இடத்தில், கிட்டத்தட்ட முழு ஆட்டமும் நின்று மோதிய மனிதர் அவர். அந்தச் சுமையை அவர் தோளில் ஏற்றிய முடிவைத்தான் எடைபோட வேண்டும்.

அந்த முடிவு சரிதானா? சரி என்றுதான் சொல்வேன். காரணம், ஒரு வாரம் முன்பு இங்கிலாந்துடன் நடந்த அரையிறுதி. மழையில் தென்னாப்பிரிக்கா 6-15 எனப் பின்தங்கியிருந்தது. லிபோக்கை முதல் பாதி முடிவதற்கு முன்பே வெளியே எடுத்துவிட்டுப் பொல்லார்டை இறக்கினார்கள். 69-வது நிமிடத்தில் ஆர்.ஜி. ஸ்னைமன் ட்ரை அடிக்க, பொல்லார்ட் கன்வர்ஷன் சேர்த்தார். பிறகு ஆக்ஸ் ந்சே ஸ்க்ரம்மில் இங்கிலாந்தின் முன்வரிசையை மடக்கி வாங்கிக்கொடுத்த பெனால்டியை, ஆட்டம் முடிய இரண்டு மூன்று நிமிடமே இருக்கும்போது, மைதானத்தின் நடுக்கோட்டுக்குப் பக்கத்திலிருந்து உதைத்து உள்ளே அனுப்பினார். 16-15. பொல்லார்ட் அணியில் இல்லையென்றால் இறுதிப் போட்டியே இல்லை. ஒரு ஹூக்கரை விட்டுக்கொடுத்து ஒரு காலை வாங்கினார்கள். அந்த ஹூக்கர் இல்லாத குறை இறுதிப் போட்டியில் வந்து நின்றது. அதே இறுதிப் போட்டியில் அந்தக் கால் நான்கு உதையில் நான்கையும் உள்ளே போட்டது.

எதிர்ப்பக்கம் பாருங்கள். நியூசிலாந்தின் ரிச்சி முவாங்கா இரண்டு பெனால்டிகளை உள்ளே போட்டார். ஒரு கன்வர்ஷனைத் தவறவிட்டார். 73-வது நிமிடத்தில் ஜோர்டி பேரட் உதைத்த நீண்டதூரப் பெனால்டி வலப்பக்கம் விலகிப்போனது. இரண்டில் ஏதாவது ஒன்று உள்ளே போயிருந்தால் கோப்பை ஆக்லாந்து போயிருக்கும்.

ஓர் ஆள் கூடுதலாக இருந்தும்

27-வது நிமிடத்தில் நியூசிலாந்துக் கேப்டன் சாம் கேன், பந்தோடு வந்த ஜெஸ்ஸி க்ரீலை நிமிர்ந்த நிலையிலேயே மடக்கப் போய், தலையில் மோதினார். முதலில் மஞ்சள் அட்டை. இந்த உலகக் கோப்பையில் பயன்படுத்தப்பட்ட பங்கர் முறைப்படி, மைதானத்துக்கு வெளியே ஒரு நடுவர் எட்டு நிமிடத்துக்குள் காட்சிகளை அலசி, அட்டை மஞ்சளாகவே இருக்க வேண்டுமா சிவப்பாக வேண்டுமா என்று சொல்வார். கேனுக்குச் சிவப்பு வந்தது. ஆண்கள் உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் சிவப்பு அட்டை வாங்கிய முதல் வீரர். ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து தலையைக் கையில் தாங்கிக்கொண்டிருந்த கேனைக் காமிரா திரும்பத் திரும்பக் காட்டியது. பார்க்கவே வேதனையாக இருந்தது.

இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்கக் கேப்டன் சியா கொலிசி, ஆர்டி சவேயாவை மடக்கும்போது தலையோடு தலை மோதியது. மஞ்சள். பங்கர் பரிசீலனைக்குப் போய் மஞ்சளாகவே திரும்பியது. மோதலின் வேகம் சிவப்புக்குரிய அளவை எட்டவில்லை என்பது கணிப்பு. நியூசிலாந்தில் அப்போது இதைப் பற்றிப் பெரும் கோபம் எழுந்தது. கேனுடைய மோதலில் வேகமும் நேரடித் தாக்கமும் கூடுதல் என்பது காட்சியில் தெளிவாகத் தெரிகிறது. அவருக்கு வந்த சிவப்பு சரி. கொலிசியுடையது கத்தி முனை. மறுபக்கம் விழுந்திருந்தாலும் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க முடியாது.

அட்டைகள்தான் கோப்பையைத் தீர்மானித்தன என்று பேசுகிறவர்கள் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கேன் வெளியேறியதிலிருந்து கொலிசி வெளியேறும்வரை, பிறகு கொலிசி திரும்பியதிலிருந்து 73-வது நிமிடத்தில் செஸ்லின் கோல்பி மஞ்சள் வாங்கும்வரை, தென்னாப்பிரிக்காவுக்கு ஓர் ஆள் கூடுதல். கிட்டத்தட்ட முப்பத்தைந்து நிமிடம் அது. அந்த நேரத்தில் தென்னாப்பிரிக்கா எடுத்தது ஒரே ஒரு பெனால்டி, மூன்று புள்ளி. நியூசிலாந்து எடுத்தது ஒரு பெனால்டியும் ஒரு ட்ரையும், எட்டுப் புள்ளி. பதினான்கு பேர் பதினைந்து பேரை வென்றிருக்கிறார்கள்.

தென்னாப்பிரிக்காவின் ஆட்டத்தில் எனக்கு ஆறாத குறை இதுதான். ஓர் ஆள் கூடுதலாக இருக்கும்போது பந்தை அகலமாகப் பரப்ப வேண்டும். இடதுக்கும் வலதுக்கும் மாற்றி மாற்றி ஓடவிட்டால் பதினான்கு பேர் எங்காவது ஓரிடத்தில் இடைவெளி விட்டே தீருவார்கள். கர்ட்-லீ அரெண்ட்ஸே, கோல்பி என்று இரண்டு ஓரங்களிலும் உலகத்தின் அதிவேக வீரர்கள் காத்திருந்தார்கள். கொஞ்சம் இடம் கிடைத்தாலே எதிரணியைத் திண்டாட வைக்கிறவர்கள். அவர்கள் கைக்குப் பந்து ஒழுங்காகப் போனது அபூர்வம். ஸ்க்ரம்மிலிருந்தும் ரக்கிலிருந்தும் பந்தை எடுத்துத் தரும் ஸ்க்ரம்-ஹாஃப் இடத்திலிருந்து டி க்ளர்க் உயரே உதைத்து விட, எல்லோரும் அதன் பின்னால் ஓடினார்கள். ஈரத் தரை, வழுக்கும் பந்து, கையிருப்பில் முன்னிலை: எச்சரிக்கைக்கு நியாயங்கள் உண்டு. ஆனாலும் ஆறு புள்ளி முன்னிலையோடு இடைவேளைக்குப் போன அணி, எதிரணியில் ஓர் ஆள் குறைந்திருக்கும்போது, அந்த முன்னிலையைப் பாதுகாப்பது மட்டுமே வேலை என்று முடிவுகட்டிக்கொண்டதுபோல் ஆடியது.

சுவரும் அதன் வேகமும்

இனித் தடுப்பாட்டத்துக்கு வருகிறேன். சொல்ல வேண்டியது இங்கேதான் அதிகம்.

நீனாபர் உடலியக்க மருத்துவம் படித்தவர். வீரர்களின் காயங்களைக் கவனிக்கிற வேலையிலிருந்து தடுப்பாட்டப் பயிற்சிக்கு வந்தவர். அவர் கட்டிய முறை பார்ப்பதற்கு விபரீதமாக இருக்கும். பெரும்பாலான அணிகள் எதிரணி பந்தைக் கொண்டுவரும்வரை வரிசையாக நின்று, பக்கவாட்டில் நகர்ந்து, ஓரத்துக்கு ஒதுக்கி மடக்கும். தென்னாப்பிரிக்கா அப்படிக் காத்திருக்காது. பந்து வெளியே வந்த கணமே மொத்த வரிசையும் முன்னால் பாயும். அதிலும் ஓரத்தில் இருப்பவர்கள்தான் எல்லோருக்கும் முன்னால் பாய்வார்கள். வெளிப்பக்கம் நிற்கும் வீரருக்குப் பந்து போகும் வழியை அடைத்து, ஆட்டத்தை நடுவுக்கே திருப்பி, அங்கே காத்திருக்கும் கனத்த உடம்புகளிடம் ஒப்படைப்பார்கள். நம் கபடியில் ரெய்டர் கோட்டைத் தாண்டியதும் ஓரத்தில் நிற்கும் கார்னர் வீரர் வளைத்துக்கொண்டு உள்ளே தள்ள, சங்கிலி கோத்தவர்கள் நடுவில் அமுக்குவார்களே, கிட்டத்தட்ட அந்தப் புத்தி.

இதில் அபாயமும் இருக்கிறது. முன்னால் பாய்ந்தவரின் தலைக்கு மேலே ஒரு நீண்ட பாஸ் போய்விட்டால் பின்னால் வெட்டவெளி. ஒரு நொடி தப்பினாலும் ட்ரைதான். அதனால் இந்த முறைக்கு இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, யார் பாய வேண்டும், யார் பின்தங்க வேண்டும் என்ற புரிதல். இன்னொன்று, வரிசை உடைந்த பிறகு திரும்பி ஓடிவந்து துரத்திப் பிடிக்கும் வெறி. முதலாவதைப் பயிற்சியில் கற்றுக்கொடுக்கலாம். இரண்டாவது இருக்கிறதா இல்லையா என்பது எழுபதாவது நிமிடத்தில்தான் தெரியும்.

பீட்டர்-ஸ்டெஃப் டு டோயைப் பாருங்கள். இறுதிப் போட்டியில் அவர் செய்த டேக்கிள்கள், அதாவது பந்தோடு வருபவரை மடக்கி வீழ்த்தியவை, 28. பல ஆட்டங்களில் ஒரு வீரர் பதினைந்தைத் தொட்டாலே பாராட்டுவார்கள். எண்ணிக்கையைவிட என்னைக் கவர்ந்தது அவற்றின் தன்மை. தோள் தாழ்ந்து, இடுப்புக்குக் கீழே, முழு நீளத்துக்கும் உடம்பை நீட்டிப் பாய்ந்து விழுகிற டேக்கிள்கள். ஜோர்டி பேரட் பந்தை வாங்கிய இடத்திலெல்லாம் டு டோய் வந்து நின்றார். பந்து கைக்கு வருவதற்கும் அவர் இடுப்பைச் சுற்றி இரண்டு கைகள் விழுவதற்கும் இடையே மூச்சுவிட நேரமில்லை. விழுந்தவர் எழுவதற்குள் டு டோய் எழுந்து வரிசையில் தன் இடத்துக்குப் போயிருப்பார். 2020 பிப்ரவரியில் ஓர் ஆட்டத்தில் தொடையில் பட்ட அடியால் உள்ளே ரத்தம் கட்டி, காலையே எடுக்க வேண்டிவரலாம் என்ற நிலைக்குப் போன மனிதர் இவர். ஆட்ட நாயகன் விருது அவருக்குப் போனதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

அவரைச் சுற்றி இருந்தவர்களும் சளைத்தவர்கள் அல்ல. நான்காவது மாற்று வீரரா ஐந்தாவது மாற்று வீரரா என்று யாரும் எண்ணாத க்வாகா ஸ்மித், கடைசிக் கட்டத்தில் தரையில் கிடந்த பந்தின்மேல் கவிழ்ந்து எதிரணியின் தாக்குதலை அறுத்தார். எட்ஸபெத், ந்சே, காயப்பட்டு வெளியே போன எம்போனாம்பி மூவரும் அப்போது டர்பனின் ஷார்க்ஸ் அணிக்காரர்கள். தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழும் அந்தத் துறைமுக நகரத்தில் அந்த வாரம் என்ன கொண்டாட்டமாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இந்தச் சுவரை நியூசிலாந்து ஒரு முறை உடைத்தது. அதற்கு முன்பே ஒரு முறை உடைத்ததாக அவர்கள் கொண்டாடவும் செய்தார்கள். 54-வது நிமிடத்தில் முவாங்கா கிழித்துக்கொண்டு ஓட, ஆரன் ஸ்மித் கோட்டைத் தொட்டார். தொலைக்காட்சி நடுவர் டாம் ஃபோலி குறுக்கிட்டு, அந்த நகர்வின் தொடக்கத்தில் லைன்-அவுட்டில் சவேயாவின் கையிலிருந்து பந்து முன்னால் தவறியதைக் காட்டினார். நாக்-ஆன். ட்ரை ரத்து. அவ்வளவு பின்னால் போய்ப் பார்க்க நெறிமுறை இடம்கொடுக்கிறதா என்ற கேள்வியை நியூசிலாந்துக்காரர்கள் கேட்டார்கள், நியாயமாகவே கேட்டார்கள். பந்து தவறியது மட்டும் உண்மை.

நான்கு நிமிடம் கழித்து, 58-வது நிமிடத்தில், இடது ஓரத்தில் மார்க் டெலெயா இரண்டு மூன்று பேரைக் கடந்து மடங்கி விழும்போது பந்தை விட்டார். அது தரையில் துள்ளி பியூடன் பேரட்டின் கைக்கு வந்தது. ட்ரை. தென்னாப்பிரிக்கா 1995, 2007, 2019 என மூன்று இறுதிப் போட்டிகளில் ஆடி வென்றிருக்கிறது. அந்த மூன்றிலும் அதன் கோட்டை யாரும் கடந்ததில்லை. நான்காவது இறுதிப் போட்டியில், மொத்தம் முந்நூறு நிமிடத்துக்கும் மேல் ஆடிய பிறகு, கடந்த முதல் மனிதர் பியூடன் பேரட். ஓர் அணியின் குணத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் புள்ளிவிவரம் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்த ட்ரைக்குப் பிறகு இருபத்திரண்டு நிமிடம். முன்னிலை ஒரே புள்ளி. அந்த இருபத்திரண்டு நிமிடத்தில் நியூசிலாந்துக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. 73-வது நிமிடத்தில் கோல்பி ஒரு பாஸைத் தட்டிவிடப் போய், வேண்டுமென்றே செய்த நாக்-ஆன் என்று மஞ்சள் வாங்கினார். கடைசி ஏழு நிமிடமும் அவர் ஓரத்து நாற்காலியில், ஜெர்ஸியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. காலிறுதியில் பிரான்ஸின் கன்வர்ஷன் உதையைப் பாய்ந்து தடுத்து, 29-28 என்ற அந்த ஒரு புள்ளி வெற்றிக்கு வழிவகுத்தவரும் இவரே.

ஏழும் ஒன்றும்

மாற்று வீரர்கள் எட்டுப் பேர். ஸ்க்ரம்மில் மோதும் முன்கள வீரர்கள் ஐந்து, பின்னால் நின்று ஓடி ஆடும் பின்கள வீரர்கள் மூன்று என்பது ரக்பியில் பழகிப்போன கணக்கு. இறுதிப் போட்டிக்குத் தென்னாப்பிரிக்கா ஏழும் ஒன்றுமாக வந்தது. பின்களத்துக்கு வில்லி லெ ரூ ஒருவர் மட்டும். ஆகஸ்டில் லண்டன் ட்விக்கனம் மைதானத்தில் லெ ரூ கடைசி நேரத்தில் விலகியதால் தற்செயலாக அமைந்த கணக்கு இது. அன்று நியூசிலாந்தை 35-7 என நொறுக்கினார்கள். அதுவரை நியூசிலாந்து தன் வரலாற்றில் கண்ட தோல்விகளில் மோசமானது அது. அயர்லாந்துடன் வேண்டுமென்றே அதையே செய்தார்கள். காலிறுதியிலும் அரையிறுதியிலும் ஐந்து மூன்றுக்குத் திரும்பிவிட்டு, இறுதிப் போட்டியில் மறுபடியும் ஏழு ஒன்று.

டி க்ளர்க் காயப்பட்டிருந்தால் என்ன செய்திருப்பார்கள்? ஸ்க்ரம்-ஹாஃப் இடத்துக்கு மாற்று ஆளே கிடையாது. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை எனக்கு இந்தக் கேள்வி வந்து போனது. ஆனால் எம்போனாம்பி விழுந்த பிறகும், கொலிசி வெளியே இருந்தபோதும், அதற்கடுத்த அலைகளிலும் ஓய்வெடுத்த தோள்கள் உள்ளே வந்துகொண்டே இருந்தன. களைத்த உடம்பு டேக்கிளுக்கு அரை நொடி தாமதமாகப் போகும். அந்த அரை நொடியில் நியூசிலாந்து போன்ற அணி ட்ரை எடுத்துவிடும். கடைசி இருபது நிமிடத்தில் அந்தத் தாமதம் வராததற்கு இந்த ஏழு ஒன்றுதான் காரணம். தாக்குதலைப் பலவீனப்படுத்தியதும் அதே ஏழு ஒன்றுதான். ஆட்டத்தின் போக்கை மாற்ற வேகமான ஒருவரை, பந்தைப் புதுவிதமாகப் பரப்பும் ஒருவரை உள்ளே அனுப்ப வழியே இல்லை. லிபோக் மாற்று வீரர் பட்டியலில்கூட இல்லை.

சுருங்கச் சொன்னால், அன்றிரவு தென்னாப்பிரிக்கா சந்தித்த நெருக்கடிகளில் பெரும்பாலானவை அவர்களே வரவழைத்துக்கொண்டவை. ஒற்றை ஹூக்கரோடு வந்தது அவர்கள் முடிவு. பின்களத்துக்கு ஒற்றை மாற்று வீரர் அவர்கள் முடிவு. கேப்டனின் மஞ்சளும் கோல்பியின் மஞ்சளும் அவர்கள் தவறு. ஒவ்வொன்றுக்கும் உடனே விலை கேட்கப்பட்டது. ஒவ்வொன்றையும் டேக்கிளால் கட்டினார்கள். பிரான்ஸ் 29-28, இங்கிலாந்து 16-15, நியூசிலாந்து 12-11. தொடர்ந்து மூன்று நாக்-அவுட் ஆட்டங்களை ஒவ்வொரு புள்ளியில் வென்றதை அதிர்ஷ்டம் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு முறை என்றால் அப்படிச் சொல்லலாம். மூன்றாவது முறையும் அதே கடைசிப் பத்து நிமிடத்தில் அதே மனிதர்கள் எழுந்து நிற்கும்போது, அதற்கு அதிர்ஷ்டம் என்ற பெயர் பொருந்தாது.

கொலிசியைப் பற்றிச் சொல்லாமல் இந்த அணியைப் பற்றிச் சொல்ல முடியாது. 1987, 1991 உலகக் கோப்பைகளில் தென்னாப்பிரிக்கா இல்லை; நிறவெறி அரசுக்காக உலகம் அவர்களை ஒதுக்கி வைத்திருந்தது. அந்த நாட்டுக் கறுப்பின மக்களும் இந்திய வம்சாவளியினரும் ஸ்ப்ரிங்பாக்ஸ் ஆடும்போது எதிரணிக்குக் கைதட்டிய காலம் ஒன்று இருந்தது. 1995-இல் நெல்சன் மண்டேலா அந்தப் பச்சை ஜெர்ஸியை அணிந்துகொண்டு ஜொஹன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க்கில் கோப்பையைக் கொடுத்தபோது, களத்தில் ஆடிய கறுப்பின வீரர் செஸ்டர் வில்லியம்ஸ் ஒருவர்தான். போர்ட் எலிசபெத்தை ஒட்டிய ஸ்வீடே என்ற ஏழைக் குடியிருப்பில் வளர்ந்த கொலிசி 2018-இல் தென்னாப்பிரிக்க டெஸ்ட் அணியின் முதல் கறுப்பினக் கேப்டனானார். 2023 ஏப்ரலில் அவருடைய முழங்கால் தசைநார் கிழிந்தது. உலகக் கோப்பைக்கு வரமாட்டார் என்றுதான் பலரும் எண்ணினார்கள். ஆகஸ்டில் களத்துக்குத் திரும்பி, அக்டோபரில் கோப்பையைத் தூக்கினார். கேப்டனாக இரண்டு ஆண்கள் உலகக் கோப்பை வென்றவர்கள் இதுவரை இருவர்தான்: நியூசிலாந்தின் ரிச்சி மெக்கா, இப்போது சியா கொலிசி. தாங்கள் ஆடிய எட்டு உலகக் கோப்பைகளில் நான்கை வென்ற நாட்டின் அதிபர் சிரில் ராமபோசா, அந்த ஆண்டு டிசம்பர் 15-ஐப் பொது விடுமுறையாக அறிவித்தார்.

தோற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை கடன்பட்டிருக்கிறோம். ஐம்பது நிமிடத்துக்கும் மேல் பதினான்கு பேரோடு ஆடி, ஆட்டத்தின் ஒரே ட்ரையை அடித்து, கடைசிவரை துரத்திய நியூசிலாந்து, தொடரின் முதல் ஆட்டத்தில் பிரான்ஸிடம் 27-13 எனத் தோற்ற அணி. பயிற்சியாளர் இயன் ஃபாஸ்டரை எழுதிவைத்துத் திட்டியவர்கள் அவருடைய கடைசி ஆட்டத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும். நடுவர் வேன் பார்ன்ஸுக்கு இது 111-வது சர்வதேச ஆட்டம். அந்த வாரமே அவர் ஓய்வை அறிவித்துவிட்டார். தன் குடும்பத்துக்கு வந்த மிரட்டல்களைப் பற்றி அவர் பேசியது ரக்பி உலகம் வெட்கப்பட வேண்டிய செய்தி.

இந்தத் தொடருக்குப் பிறகு நீனாபர் அயர்லாந்தின் லீன்ஸ்டர் கிளப்புக்குப் புறப்பட்டார். மூத்த வீரர் டுவான் வெர்மூலனுக்கும் ஃபூரிக்கும் அப்போது வயது 37. அடுத்த உலகக் கோப்பை 2027-இல் ஆஸ்திரேலியாவில். இந்தத் தடுப்பாட்டத்தை நீனாபருக்கு அடுத்து வருபவர் மாற்றத் தேவையில்லை, மாற்றவும் கூடாது. அவருடைய வேலை மைதானத்தின் மறுபாதியில் இருக்கிறது. மூன்று நாக்-அவுட் ஆட்டங்களில் ஒரு புள்ளியாவது மிஞ்சியது; நான்காவதில் மிஞ்சும் என்று யாரும் உறுதி தர முடியாது. லிபோக்கை நம்பிக்கையோடு கம்பத்துக்கு உதைக்கப் பழக்க வேண்டும். இரண்டாவதாக ஓர் உண்மையான ஹூக்கரை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும். அரெண்ட்ஸேக்கும், அப்போது இருபது வயதே ஆகியிருந்த கேனன் மூடிக்கும் ஓடும்போது பந்து கிடைக்க வேண்டும். உயரே உதைத்த பந்தின் பின்னால் ஓடுவதற்காக அல்ல.